டாக்டர் சௌரிமுத்துவும் தாம்பரம் சானடோரியமும்

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு வந்து, மின்சார ரயிலேறித் தாம்பரம் செல்லும் மாணவர்கள் இடையில் ஒரேயொரு நிலையத்தைக் கடக்கின்றனர். அதன் பெயர் சானடோரியம் என்பதை யாவரும் அறிவர். அப்பெயர் எவரால் அவ்விடத்துக்கு வாய்த்தது என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். அவரே டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்பவர்.

1864-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இங்கிலாந்து சென்று வைத்திய சாஸ்திரம் பயின்று, அந்நாட்டிலேயே க்ஷயரோக சிகிச்சையில் வல்லுநரெனப் பெயர் பெற்றார். சாமர்செட் பகுதியில் வெல்ஸ் என்னும் ஊருக்கு அணித்தாய மெண்டிப் குன்றுகளில் ஓர் ஆரோக்கிய நிலையத்தை நடத்தி வந்தார். நம் நாட்டார் ஒருவர் ஆங்கில நாட்டில் இத்தகைய நிலையமொன்றுக்குத் தலைவராயிருந்தமை அக்காலத்துக்குச் சிறு காரியமன்று.

க்ஷயரோகம் பரம்பரை வியாதியென்று நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். தந்தைக்குப்பின் மகன், அண்ணனுக்குப்பின் தம்பி என ஒரே குடும்பத்தில் அது தொடர்ந்து வந்ததே அவ்வெண்ணத்துக்குக் காரணம். 1882-இல் ஜெர்மனி தேசத்து ராபர்ட் காக் என்பார் அந்நோயை விளைக்கும் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தினார். நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளில் அக்கிருமிகள் உள்ளன. காற்றோட்டமற்ற அறையில் அவை நெடுநேரம் மிதந்து, உடனிருப்போரின் சுவாசத்தோடு உட்புகுகின்றன. எனவே ஒரு குடும்பத்தார் பகிர்ந்துகொண்டது இரத்தத்தையன்று, சாளரமில்லா அறையின் காற்றையே. ஆயினும் கிருமி உட்புகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. நூற்றுவருள் ஐவர் முதல் பதின்மர் வரையே தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவர். ஏனையோரின் உடல் கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது.

இவ்விடத்தில்தான் சௌரிமுத்து தமக்கெனத் தனிக் கொள்கை கொண்டிருந்தார். கிருமி ஒன்றே காரணமென்பதை அவர் முழுதும் ஒப்பினாரல்லர். பட்டினி, நெருக்கமான குடியிருப்பு, அளவிறந்த உழைப்பு ஆகியவற்றால் நலிந்த உடலே நோய்க்கு இடங்கொடுக்கிறதென்பது அவர் துணிபு. கிருமியின் பங்கை அவர் சற்றே குறைத்து மதித்தார் என்றே இன்று சொல்லவேண்டும். ஆனால் வறுமையின் பங்கைக் குறித்து அவர் கண்டது பொய்த்ததில்லை. தூய காற்று, சூரிய வெளிச்சம், நல்லுணவு, ஓய்வு, உடல் தேறிய பின் அளவான வேலை என்பனவே சானடோரிய முறையின் சாரம். மருந்து ஏதுமில்லாத அக்காலத்தில் வைத்தியர் அளிக்கத்தக்கனவும் அவையே.

1914-இல் கணித மேதை சீனிவாச ராமானுஜன் சீமைக்குச் சென்ற அதே கப்பலில் சௌரிமுத்துவும் பயணஞ் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1917-இல், க்ஷயரோகமென ஐயுற்ற ராமானுஜன் மெண்டிப் நிலையத்தில் இவரது பராமரிப்பிற் சில காலம் தங்கினார். 1920-இல் ராமானுஜன் சென்னையிற் காலமானார். அவருக்கிருந்தது க்ஷயமன்று, ஈரலைப் பற்றிய அமீபா நோயே என்று பிற்காலத்தார் சிலர் வாதிக்கின்றனர். கதிர்ப்படமும் சளிப் பரிசோதனையும் இந்நாளைப்போல் எளிதாயிராத காலத்து நிலை அது.

முதுமையை எய்திய பின்னரும் சௌரிமுத்து தாய்நாட்டை மறந்தாரில்லை. 1928-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி, தாம்பரத்தருகே பச்சைமலையின் அடிவாரத்தில், 250 ஏக்கர் நிலத்தில், பன்னிரண்டே படுக்கைகளுடன் தம் சானடோரியத்தைத் திறந்தார். அவ்வளவு நிலத்துக்கு அத்தனை குறைந்த படுக்கைகளா என்று வியப்போர் இருக்கலாம். காற்றையே மருந்தாகக் கொண்டவருக்கு வெட்டவெளியே மருந்துச்சாலை என்பதை அவர்கள் கருதவேண்டும். 1937-இல் சென்னை மாகாண அரசாங்கம் அந்நிலையத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தைவிட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்ததும் அதே ஆண்டிலேயே. 1940-இல் சௌரிமுத்து இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து வெளிப்போந்தது. பின்னர் ஐசோனியசிட் வந்தது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் நிறுவப்பெற்ற க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் மருந்தோடு நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடியான தம் ஏழைக் குடில்களிலேயே இருந்து மருந்து மட்டும் உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு யாவரையும் திகைக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் சுற்றத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. மருந்தை இடைவிடாது உட்கொள்வதே முக்கியமென்பது தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பெற்றன. சௌரிமுத்துவின் முறையை முடித்துவைத்த சான்று அவர் சானடோரியம் கண்ட அதே சென்னைப் பகுதியிலிருந்தே எழுந்தது.

தாம்பரத்து நிலையமோ மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்னும் பெயருடன் அது வளர்ந்து, 1993 முதல் எய்ட்ஸ் நோயாளரையும், பிறர் அவர்களைத் தொடவும் அஞ்சிய நாளில், ஏற்றுச் சிகிச்சையளித்தது. இன்று சாதாரண க்ஷயரோகிக்கு ஆறு மாத மாத்திரைகளே சிகிச்சை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் குணமாயிற்றென்று மாத்திரையை நிறுத்துவோருக்கு மருந்துக்கு அடங்காத க்ஷயம் நேரக்கூடும். அவர்கள் மீண்டும் வந்து படுப்பது பச்சைமலையடிவாரத்து அந்தக் கட்டடங்களிலேதான்.