பந்து வீச்சில் புகழ்க்கொடி நாட்டிய பல்வங்கர் பாலு

(தலைமையாசிரியர், அரசுப் பள்ளி, பி.ஏ., பி.எட்., இலுப்பூர்)

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், மாணவர்க்குப் பயன்படத்தக்க ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் முதலிய தலைவர்களின் வரலாறுகளை நம் பிள்ளைகள் மேடைகளிலும் பாடநூல்களிலும் அறிந்துள்ளனர். ஆனால் அம்பேத்கர் கல்லூரி மாணவராயிருந்த காலத்திலேயே நாடறிந்த வீரராய் விளங்கிய ஒருவரை நம்மிற் பலர் அறியோம். அவரே பல்வங்கர் பாலு. மாலை நேரங்களில் இலுப்பூர்த் திடல்களில் ரப்பர்ப் பந்தும் கட்டை மட்டையுமாய்க் கிரிக்கெட் ஆடும் நம் சிறுவர்கள் எத்தனையோ வீரர்களின் பெயர்களை மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். அவர்களெல்லாம் முதலில் அறிந்திருக்க வேண்டிய பெயர் இதுவாகும்.

பிறப்பும் இளமையும்

பாலு 1876ஆம் ஆண்டு இன்றைய கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த தார்வாடில் பிறந்தார். அவருடைய முன்னோர் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். பல்வன் என்னும் சிற்றூரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் அவர் தோன்றினார். நம் பகுதியில் அருந்ததிய மக்கள் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தனரோ, அந்நிலையிலேயே அவ்வகுப்பினரும் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். தந்தையார் இராணுவத்தில் ஊழியம் பார்த்தமையால் குடும்பம் பூனாவில் குடியேறிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் ஆடி முடித்துக் கழித்துப்போட்ட மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர்தம் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுக் கருவிகளாயின.

வறுமை அவரைப் பள்ளியில் நெடுநாள் இருக்கவொட்டாது பிழைப்புத் தேடச் செய்தது. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்துச் சமன் செய்யும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892ஆம் ஆண்டளவில், ஐரோப்பியர்க்குரிய பூனாக் கழகத்திற்கு நான்கு ரூபாய்ச் சம்பளத்தில் மாறினார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

வலைப் பயிற்சியில் பெற்ற வித்தை

அங்கே அவருடைய வேலை களத்தைச் சமன் செய்வதும், கோடு போடுவதும், வலை கட்டுவதுமாகும். துரைமார்கள் வலைக்குள் நின்று மட்டை பிடித்துப் பழகுகையில், அவர்களுக்குப் பந்து வீசுவதும் அவ்வேலையில் அடங்கும். பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசினார். ஆடுகளத்தில் விழுந்த பந்து ஒருமுறை வெளியே திரும்பும், மறுமுறை உள்ளே வரும். எப்பக்கம் திரும்பும் என்பதை மட்டையாளர் ஊகித்தறிதல் அரிது. அக்கழகத்தின் சிறந்த மட்டையாளர் கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி. பாலு தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பதாக அவர் வாக்களித்திருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். நான்கு ரூபாய்ச் சம்பளக்காரருக்கு எட்டணா என்பது மாதச் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதை நம் மாணவர்கள் கணக்கிட்டு உணரலாம்.

இவ்வாறு மணிக்கணக்கில் வீசி வீசி அவருடைய கை தேர்ச்சி பெற்றது. ஆயினும் ஒரு செய்தியை நாம் மறத்தலாகாது. அத்தனை ஆண்டுகளிலும் அவ்வலையில் மட்டையைப் பிடித்து ஆட ஒருநாளும் அவரை விட்டாரில்லை. வீசுவது வேலைக்காரர் கடமை, மட்டை பிடிப்பது துரைமாரின் உரிமை என்பது அக்கால நியதி.

மண் குவளை

பூனாவில் இந்துக்களுக்கென்றும் ஒரு கிரிக்கெட் கழகம் இருந்தது. வெள்ளையரை வெல்ல வேண்டுமென்பது அவர்களுடைய பேராவல். வெல்லத்தக்க பந்து வீச்சாளரோ தீண்டப்படாதவராய் இருந்தார். பாலுவைச் சேர்க்கலாமா என்பது குறித்துக் கழகத்தில் வாதம் எழுந்தது. தெலுங்கு உறுப்பினர் சிலர் ஆதரித்தனர். உள்ளூர் உயர்வகுப்பினர் பலர் மறுத்தனர். இறுதியில் வெற்றி வேட்கையே வென்றது. பாலு அணியிற் சேர்க்கப்பட்டார்.

ஆனால் எவ்வாறு சேர்க்கப்பட்டார்? களத்தினுள் அவர் வீசிய பந்தைப் பிறர் தயக்கமின்றித் தொட்டனர், பிடித்தனர், அவரிடமே திருப்பி எறிந்தனர். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் மண்டபத்துள் பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு மட்டும் மண்டபத்திற்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் வழங்கப்பட்டது. உணவு தனி இடத்தில், தனித் தட்டில். அவர் முகம் கழுவ வேண்டுமாயின், அதற்கும் தாழ்ந்த வகுப்பு ஊழியர் ஒருவரே நீர் வார்த்தல் வேண்டும். அந்தப் பந்தோ தோலால் ஆயது. தோலைப் பதப்படுத்தித் தைப்பவனைத் தொட்டால் தீட்டு, அவன் தைத்த பந்தைத் தொட்டால் தீட்டில்லை! இந்நியதியின் நியாயத்தை எந்தச் சாத்திரமும் விளக்கியதாக நாம் அறியோம்.

இவ்விடத்தில் நம் நினைவு இளமைக் காலத்திற்குச் செல்கின்றது. நாம் சிறுவராயிருந்தபோது, ஊர்த் தேநீர்க் கடையொன்றில் நம் தெருவார்க்கென ஒதுக்கிய குவளை கூரை இறவாணத்தில் செருகப்பட்டிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, மீண்டும் அங்கேயே செருக வேண்டும். பாலுவின் மண் குவளையைப் பற்றிப் படித்த அன்று அக்கூரை நம் கண்முன் நின்றது. அஃது அழிந்துபோன பழங்கதை என்றும் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அதனையொட்டி அதிகாரிகள் சென்றபோது, இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை நிலவியதும் வெளிப்பட்டது. இவற்றை நாடே அறியும்.

ஆயினும் திறமைக்கு ஓர் ஆற்றல் உண்டு. சாதாராவில் வெள்ளையர் அணிக்கெதிராகப் பாலு விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றி தேடித் தந்தபின், பூனாவில் நடந்த பாராட்டில் நீதிபதி இரானடே, களத்தில் அவரோடு சேர்ந்து ஆடுவோர் பந்தியில் அவரோடு சேர்ந்து உண்பதற்கும் தயங்கலாகாது என்று அறிவுறுத்தினார். பாலகங்காதர திலகரும் அவரைப் பாராட்டினார்.

பம்பாயும் 1906ஆம் ஆண்டு வெற்றியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாலு பம்பாய் சென்றார். பின்னர் பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் பணி பெற்று, அதன் அணிக்கும் இந்து ஜிம்கானா அணிக்கும் ஆடினார். பூனாவைப் போலன்றிப் பம்பாயில் அவர் மற்ற வீரர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண முடிந்தது. தம்பி சிவராமும் அவரைப் பின்பற்றி அணியில் இடம்பெற்றார்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆடினர். இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்கள் எடுத்தனர், ஐரோப்பியர் 191. இரண்டாம் முறை இந்துக்கள் 160 எடுக்க, ஐரோப்பியர் 102 ஓட்டங்களில் சுருண்டனர். 109 ஓட்டங்களில் வெற்றி! பாலுவும் எராசாவும் வீசிய பந்துகளே ஐரோப்பியரைச் சாய்த்தன. ஆளும் இனத்தாரை ஆளப்படுவோர் அவர்தம் சொந்த விளையாட்டிலேயே வென்றனர் என்று நாடு மகிழ்ந்தது. அவ்வெற்றியில் தீண்டப்படாதவரின் கையும் இருந்ததைச் சுட்டிக்காட்டிச் சீர்திருத்தப் பத்திரிகைகள் எழுதின.

இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகள்

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராசா தலைமையில் இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. பாலுவும் சிவராமும் அதில் இடம்பெற்றனர். அந்த அணி முதல்தரப் போட்டிகள் பதினான்கில் இரண்டே வென்றது, பத்தில் தோற்றது. அத்தோல்விகளுக்கிடையே தனித்து ஒளிர்ந்தது பாலுவின் பந்து வீச்சு. தோள் வலியையும் முப்பத்தைந்து வயதையும் பொருட்படுத்தாது, எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லெஸ்டர்சையர் அணியை வென்ற ஆட்டத்தில் மட்டும் பதினொரு விக்கெட்டுகள் அவருடையன.

நாடு திரும்பிய அவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவில் வரவேற்பிதழை அளித்தவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவர். அவரே பின்னாளில் இந்திய அரசமைப்புச் சட்டத்தை வகுத்த பீமராவ் அம்பேத்கர் ஆவார். படித்த இளைஞர், உழைத்து உயர்ந்த வீரருக்குச் சமூகத்தின் சார்பில் நன்றி கூறிய அக்காட்சியை எண்ணும்தோறும் நம் உள்ளம் பூரிக்கின்றது.

மறுக்கப்பட்ட தலைமை

1905 முதல் 1921 வரையிலான காலத்தில் பாலு 33 முதல்தரப் போட்டிகளில் 179 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து ஓட்டங்களுக்குச் சற்று மிகுதியாகவே கொடுத்தார். இத்தகையவர் அணித் தலைவராக ஆகியிருத்தல் வேண்டும் அல்லவா? 1910க்குப் பின் ஆண்டுதோறும் அக்கோரிக்கை எழுந்தது, ஆண்டுதோறும் மறுக்கப்பட்டது. 1913இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பாய் என்பார், அப்பெருமை மூத்தவராகிய பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். அவருடைய நேர்மையை நாம் போற்றுதல் வேண்டும்.

1920ஆம் ஆண்டு நாற்கோணப் போட்டியில் பாய் நோயுற்றபோது, தலைமை பூனாவின் உயர்சாதி வீரர் ஒருவரிடம் தரப்பட்டது; பாலுவோ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் சிவராமும் விட்டலும் இதனைச் சாதி வேற்றுமை எனக் கண்டித்து அணியை விட்டு விலகினர். மக்கள் ஆதரவு சகோதரர் பக்கம் திரண்டது. இறுதியாட்டத்திற்குத் தம்பியர் திரும்ப, பாலு துணைத்தலைவராய்ச் சேர்க்கப்பட்டார். பாய் களத்தை விட்டுச் சிறிது நேரம் வெளியேறி, பாலு அணியை நடத்த வழி செய்தார். பதினைந்து ஆண்டு உழைப்புக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே. ஆயினும் அப்போராட்டம் வீணாகவில்லை. 1923இல் தம்பி விட்டல் முறைப்படி தலைவரானார், ஐரோப்பியரையும் வென்றார்.

இதனை எழுதுகையில் நம் குற்றமொன்றை மறைக்க விரும்பவில்லை. பல்லாண்டுகளுக்கு முன், நாம் உதவியாசிரியராய்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில் விளையாட்டு அணிக்குத் தலைவனைத் தெரிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்தது. தகுதியால் அது காலனித் தெருப் பையன் ஒருவனுக்கே உரியது. அவன் தலைவனானால் மற்றவர்கள் விலகுவர் என்னும் பேச்சு எழுந்தது. வீண் சச்சரவு வேண்டாமென்று, நம்மவன் ஒருவனுக்கு நாமே அதனை மறுத்து, வேறொருவனை நியமித்தோம். அப்பையன் ஒன்றும் பேசாமல் பந்தை நம் மேசைமீது வைத்துச் சென்றான். மறுநாள் முதல் அவன் திடலுக்கு வரவில்லை. அமைதியைக் காத்தோம் என்று அன்று எண்ணினோம். பாலுவின் வரலாற்றைப் படித்த பின்னரே, பாய் செய்ததை நாம் செய்யத் தவறினோம் என்பது விளங்கிற்று.

அரசியலும் இறுதிக் காலமும்

பாலுவின் பிற்கால அரசியலில் நமக்கு உடன்பாடில்லாதனவும் உண்டு. 1932இல் அம்பேத்கர் கோரிய தனித் தொகுதி முறையை அவர் ஆதரிக்கவில்லை. நம் தமிழகத்து எம். சி. இராசாவைப் போன்று கூட்டுத் தொகுதியின் பக்கமே நின்றார். அவ்வாண்டு செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், இராசா ஆகியோரோடு பாலுவும் ஒப்பமிட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு, பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து அவரையே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும், பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். அன்று வரவேற்பிதழ் அளித்தவரும் பெற்றவரும் இன்று எதிரெதிரே நின்றனர்!

இதனைக் கொண்டு பாலுவை இகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தம் சமூகம் உயர வேண்டுமென்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை, வழியிலேயே வேறுபட்டனர். தம்மைச் சிறிது சிறிதாகவேனும் ஏற்றுக்கொண்ட சமுதாயம் முழுதும் திருந்தும் என்று பாலு நம்பினார். ஏற்பை எதிர்பார்த்திராமல் உரிமையைச் சட்டத்தால் பெறல் வேண்டும் என்று அண்ணல் கண்டார். அண்ணலின் வழியே நமக்குப் பள்ளியையும், பணியையும், இச்சங்கத்தையும் தந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

1955 ஜூலையில் பாலு பம்பாயில் மறைந்தார். காலப்போக்கில் அவர் பெயர் மறக்கப்பட்டது. 2002இல் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா இந்தியக் கிரிக்கெட்டின் வரலாற்றை நூலாக எழுதியபோதே, நாடு அவரை மீண்டும் நினைத்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

பாலுவிடம் திறமை இருந்தது, கல்வி வாய்ப்பு இல்லை. அதனால் அவருடைய புகழைப் பிறர் எழுத வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் கிட்டுதல் வேண்டும். மாலை வகுப்பு நடத்தும் நம் சங்கம், அதற்கு முன் ஒரு மணி நேரம் திடலையும் அவர்களுக்குத் திறந்துவிடுதல் நலம். அங்கே சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பந்தும் மட்டையும் சமமாய்க் கிடைக்க வேண்டும். வீசுகிறவனே மட்டையும் பிடிக்க வேண்டும். தகுதியுள்ளவன் எத்தெருவினன் ஆயினும் தலைவனாக வேண்டும். ஆசிரியர் பணியில் இருப்போர் நாம் அன்று செய்த பிழையைச் செய்யாதிருப்பாராக. திடலுக்கு வராமற்போன பையனின் இடம் இன்றும் நம் மனத்தில் வெற்றிடமாகவே இருக்கின்றது. இனி அத்தகைய இடம் எப்பள்ளியிலும் உண்டாகாதிருக்க இச்சங்கம் துணை நிற்பதாக.

வாழ்க பாலுவின் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!