ஐம்பது டாலர் நோட்டில் இருப்பவர்: யுலிசிஸ் கிராண்ட்



அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் வருபவர் ஆபிரகாம் லிங்கன். அடிமைகளின் விலங்கை உடைத்தவர் என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் போரைக் களத்தில் நின்று முடித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. அமெரிக்க ஐம்பது டாலர் நோட்டில் தாடியுடன் காட்சி தரும் யுலிசிஸ் கிராண்ட்தான் அவர். நாற்பது வயதை நெருங்கும் வரை தொட்டது எதுவும் துலங்காத மனிதர் இவர். இவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால் அந்தப் போரின் போக்கையும் நாம் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

தோல் பதனிடுபவரின் மகன்

கிராண்ட் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி ஒஹாயோ மாநிலத்தில் பாயின்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி தோல் பதனிடும் தொழில் செய்தவர். அடிமை முறையை வெறுத்தவர். மகனுக்கோ அந்தத் தோல் தொழிலின் நாற்றமும் இரத்தமும் பிடிக்கவில்லை. குதிரைகள் என்றால் மட்டும் உயிர்.

தந்தையின் பிடிவாதத்தால் 1839-ம் ஆண்டு வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹைரம் யுலிசிஸ். பரிந்துரைக் கடிதத்தில் தவறுதலாக யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதப்பட்டது. அதைத் திருத்த முடியாமல் அதுவே அவருக்கு நிலைத்துவிட்டது. பெயரைத் தப்பாக எழுதும் அலுவலகங்களோடு போராடிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு!

1843-ல் 39 பேர் கொண்ட வகுப்பில் 21-வது இடத்தில் தேறினார். பிறகு மெக்சிகோ மீது அமெரிக்கா தொடுத்த போரில் (1846-48) துணிவோடு பணியாற்றினார். ஆயினும் வலியவன் எளியவன் மீது தொடுத்த அநியாயமான போர் அது என்பதே அவருடைய எண்ணம். அந்தப் போரில் கிடைத்த புதிய நிலங்களில் அடிமை முறையை அனுமதிப்பதா வேண்டாமா என்ற சண்டைதான் பின்னால் நாட்டையே பிளந்தது.

விறகு விற்ற நாட்கள்

1848-ல் ஜூலியா டென்ட் என்ற பெண்ணை மணந்தார். ஜூலியாவின் தந்தை செயின்ட் லூயிஸ் அருகே அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தியவர். அடிமை வைத்திருக்கும் வீட்டில் சம்பந்தமா என்று கிராண்டின் பெற்றோர் திருமணத்துக்கே வரவில்லை. இரண்டு குடும்பங்களின் இந்த மனஸ்தாபம் நாட்டின் மனஸ்தாபமே.

இராணுவப் பணி அவரை மனைவி மக்களைப் பிரித்துக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. தனிமையில் மதுவை நாடினார் என்று பேச்சு எழுந்தது. 1854-ல் வேலையை விட்டு விலகினார். ஊர் திரும்பப் பணமில்லாமல் நியூயார்க்கில் தவித்தபோது கைகொடுத்தவர் கல்லூரித் தோழர் சைமன் பக்னர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மாமனார் கொடுத்த நிலத்தில் பயிர் செய்தார், பலிக்கவில்லை. செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1857-ல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தம் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். இந்த வறுமையில்தான் ஒரு காரியம் செய்தார். வில்லியம் ஜோன்ஸ் என்ற ஓர் அடிமை அப்போது அவர் வசம் இருந்தார். விற்றிருந்தால் பல நூறு டாலர் கிடைத்திருக்கும். 1859 மார்ச்சில் கிராண்ட் நீதிமன்றத்துக்குச் சென்று அவரை விடுதலை செய்து எழுதிக் கொடுத்தார். அடிமை ஒருவரை வைத்திருந்தது குற்றமே. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. கடன் கழுத்தை நெரித்தபோதும் அவரை விற்காததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1860-ல் வேறு வழியின்றி இல்லினாய் மாநிலம் கலீனாவில், தம்பிமார் நடத்திய தந்தையின் தோல் கடையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார்.

நாடு இரண்டாகிறது

அந்த ஆண்டின் கணக்கெடுப்புப்படி அமெரிக்காவில் சுமார் 39 லட்சம் அடிமைகள் இருந்தனர். தெற்கின் பருத்திச் செல்வம் அவர்களுடைய உழைப்பில் விளைந்தது. புதிய நிலங்களுக்கு அடிமை முறை பரவக்கூடாது என்ற கொள்கையுடைய லிங்கன் 1860 நவம்பரில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், டிசம்பர் 20-ம் தேதி தென் கரோலினா நாட்டை விட்டுப் பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பாயின. மாநில உரிமைக்காகவே பிரிந்தார்கள் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினர். ஆனால் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கைகளிலேயே பல மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பதே காரணம் என்று ஒளிவு மறைவின்றிக் கூறியுள்ளன.

1861 ஏப்ரல் 12-ம் தேதி சம்ட்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கிகள் முழங்கின. லிங்கன் 75,000 தொண்டர்களை அழைத்தார். தோல் கடை எழுத்தர் மீண்டும் சீருடை அணிந்தார். யாரும் அடக்க முடியாத ஒரு முரட்டுப் படைப்பிரிவை அவரிடம் கொடுத்தார்கள். சில வாரங்களில் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்.

ஆற்றைப் பிடித்த படை

கிழக்கே வர்ஜீனியாவில் வடக்குப் படைகள் தோற்றுக்கொண்டிருந்தபோது, மேற்கே கிராண்ட் ஆறுகளைப் பின்பற்றித் தெற்கே இறங்கினார். 1862 பிப்ரவரியில் ஹென்றி, டோனல்சன் என்ற இரு கோட்டைகளைப் பிடித்தார். டோனல்சன் கோட்டையில் சரணடைந்த தளபதி வேறு யாருமில்லை. பழைய தோழர் பக்னரேதான். நிபந்தனையற்ற சரணைத் தவிர வேறெதையும் ஏற்க கிராண்ட் மறுத்தார். பிறகு தோழரைத் தனியே அழைத்துச் செலவுக்குப் பணம் வேண்டுமா என்று விசாரித்தார்.

ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் எதிர்பாராத தாக்குதலில் சிக்கினார். இரண்டே நாளில் இரு தரப்பிலும் மாண்டவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் 23,000 பேருக்கு மேல். அவரை நீக்க வேண்டும் என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. லிங்கன் நீக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் கிராண்ட் தம் வாழ்நாளின் பெரும் பிழையைச் செய்தார். கள்ளத்தனமான பருத்தி வியாபாரத்தின் மீது கொண்ட கோபத்தில், தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். சிலர் செய்த தவறுக்கு ஓர் இனத்தையே தண்டித்த அந்த உத்தரவை லிங்கன் சில வாரங்களில் ரத்துச் செய்தார். கிராண்ட் அதற்காக வருந்தினார். பின்னாளில் ஜனாதிபதியானபோது யூதர் பலருக்கு அரசுப் பதவிகள் அளித்தார். 1876-ல் வாஷிங்டனில் ஒரு யூதக் கோயிலின் திறப்பு விழாவுக்கு நேரில் சென்று அமர்ந்திருந்தார். அந்நிய நாட்டில் சிறுபான்மையாய் வாழும் நமக்கு இந்தப் பிழையும் இந்தத் திருத்தமும் இரண்டுமே மனதில் நிற்கத்தக்கவை.

1863 ஜனவரி முதல் தேதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. நாட்டை ஒன்றாக வைக்கத் தொடங்கிய போர், அடிமை முறையை ஒழிக்கும் போராகவும் ஆயிற்று. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்தனர். ஜூன் மாதம் மிலிக்கன்ஸ் பெண்ட் என்ற இடத்தில், துப்பாக்கி பிடித்துச் சில வாரங்களே ஆன அவ்வீரர்கள் கைகலந்து போரிட்டுத் தங்கள் தீரத்தை நாட்டுக்குக் காட்டினர்.

மிசிசிப்பி ஆற்றின் மேட்டில் இருந்த விக்ஸ்பர்க் நகரம் தெற்கின் பூட்டு. குளிர்காலம் முழுவதும் கிராண்டின் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. ஏப்ரலில் இரவோடு இரவாகக் கப்பல்களைப் பீரங்கி வாய்க்கு முன்னாலேயே ஓட்டிச் சென்று, நகருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து, பின்புறமாக வந்து வளைத்தார். 47 நாள் முற்றுகைக்குப் பின் ஜூலை 4-ம் தேதி சுமார் 29,000 வீரர்களுடன் விக்ஸ்பர்க் சரணடைந்தது. அதற்கு முந்தின நாள்தான் கெட்டிஸ்பர்க் களத்தில் தெற்கின் பெருந்தளபதி ராபர்ட் லீ தோற்றிருந்தார். மிசிசிப்பி முழுவதும் வடக்கின் கைக்கு வந்தது. தெற்கு இரு துண்டானது.

கடைசி ஆண்டு

1864 மார்ச்சில் வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைவராக்கப்பட்டு வாஷிங்டன் வந்தார். புழுதி படிந்த உடையில் மகனோடு நின்ற அவரை ஹோட்டல் ஊழியருக்கு அடையாளம் தெரியவில்லை. மேல்மாடியில் ஒரு சிறு அறைதான் இருக்கிறது என்றாராம். பதிவேட்டில் பெயரைப் பார்த்த பிறகே பதறினார்.

மே மாதம் லீயின் படையோடு நேருக்கு நேர் மோதல் தொடங்கியது. முன்பிருந்த தளபதிகள் அடிபட்டதும் பின்வாங்குவார்கள். கிராண்ட் பின்வாங்கவில்லை. வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர் என ஒவ்வொரு களத்திலும் இரத்தம் ஆறாக ஓடியது. ஜூன் 3-ம் தேதி கோல்ட் ஹார்பரில் அவர் உத்தரவிட்ட தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் வீணே விழுந்தனர். அதற்காகக் கடைசி வரை வருந்தினார். பிறகு பீட்டர்ஸ்பர்க் நகரை ஒன்பது மாதம் முற்றுகையிட்டார்.

வடக்கில் மக்கள் சலித்துப் போனார்கள். தேர்தலில் தோற்றுவிடுவோம் என்றே லிங்கன் நினைத்தார். செப்டம்பரில் கிராண்டின் நண்பர் ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்த செய்தி நிலைமையை மாற்றியது. லிங்கன் மீண்டும் வென்றார்.

அப்பொமாட்டக்ஸ்

1865 ஏப்ரல் தொடக்கத்தில் தலைநகர் ரிச்மண்ட் விழுந்தது. ஏப்ரல் 9-ம் தேதி அப்பொமாட்டக்ஸ் என்ற கிராமத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் லீ சரணடைந்தார். அந்த வீட்டுக்காரர் மக்லீன், 1861-ல் முதல் பெரும் சண்டை நடந்த இடத்தில் பண்ணை வைத்திருந்தவர். போர் வேண்டாம் என்று இங்கே குடிவந்தவரின் கூடத்திலேயே அது முடிந்தது.

லீ புத்தம் புதிய உடையில் வந்தார். கிராண்ட் சேறு படிந்த சாதாரணச் சட்டையில் வந்தார். நிபந்தனைகள் எளியவை. ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாருக்கும் சிறையில்லை. சொந்தக் குதிரை உள்ளவர்கள் உழவுக்கு அதைக் கொண்டுபோகலாம். பசித்திருந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பினார். தம் வீரர்கள் வெற்றி முழக்கமாகப் பீரங்கி வெடித்தபோது நிறுத்தச் சொன்னார். தோற்றவர்கள் இனி நம் நாட்டவரே என்பது அவர் எண்ணம். எதிரிகளின் வீரத்தை மதித்தார். ஆனால் அவர்கள் போரிட்ட காரணம் மிகக் கெட்ட காரணம் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

ஐந்தாம் நாள் லிங்கன் சுடப்பட்டார். அன்று நாடகத்துக்கு உடன் வர அழைக்கப்பட்டிருந்த கிராண்ட், பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டதால் தப்பினார். பின்னர் லீ மீது துரோக வழக்குத் தொடுக்க முயன்றபோது, கொடுத்த வாக்கை மீறினால் பதவி விலகுவேன் என்று நின்று தடுத்தார். டிசம்பரில் 13-வது திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது. அதற்குள் ஆறு லட்சத்துக்குக் குறையாதவர்கள் உயிரிழந்திருந்தனர்.

பதவியும் கடனும்

1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாக இருந்தார். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15-வது திருத்தத்தை 1870-ல் நிறைவேறச் செய்தார். விடுதலை பெற்றவர்களை இரவில் வந்து கொன்ற கு க்ளக்ஸ் கிளான் கும்பலைச் சட்டத்தாலும் படையாலும் ஒடுக்கினார். ஆனால் நம்பக்கூடாதவர்களை நம்பினார். அவரைச் சுற்றி ஊழல் மலிந்தது. வடக்கின் அக்கறையும் குறைந்தது. அவர் பதவி விலகிய 1877-ல் தெற்கிலிருந்து பாதுகாப்பும் விலக்கப்பட்டது. களத்தில் வென்ற உரிமைகள் அதன்பின் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. அவை திரும்ப ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின.

1884 மே மாதம் கூட்டாளி ஒருவரின் மோசடியால் கிராண்ட் எல்லாவற்றையும் இழந்தார். கடனுக்காகத் தம் வாட்களையும் பதக்கங்களையும்கூடக் கொடுத்தார். அதே ஆண்டில் தொண்டையில் புற்றுநோய். மனைவி தெருவில் நிற்கக்கூடாதே என்று சுயசரிதை எழுத உட்கார்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதை வெளியிட முன்வந்தார். பேச முடியாமல், விழுங்க முடியாமல் எழுதினார். நூலை முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23-ம் தேதி காலமானார். அந்நூல் ஜூலியாவுக்குச் சுமார் 4,50,000 டாலர் ஈட்டித் தந்தது.

கடைசி நாட்களில் அவரைக் காண ஒருவர் வந்தார். கிராண்டால் பேச இயலவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வந்தவர் பக்னர். நியூயார்க்கில் உதவிய தோழர். டோனல்சனில் சரணடைந்த எதிரி. இரண்டு வாரம் கழித்து கிராண்ட் இறந்தபோது, வடக்கின் தளபதிகளோடு அவரும் சவப்பெட்டியின் அருகே நடந்தார்.

அடுத்த முறை நம் கைக்கு ஓர் ஐம்பது டாலர் நோட்டு வந்தால், பிள்ளைகளிடம் கொடுத்து இந்த மனிதரைக் காட்டுவோம். 22 டாலருக்குக் கடிகாரத்தை அடகு வைத்தவர் இவர் என்று சொல்வோம். வென்ற பிறகு தோற்றவனுக்குச் சோறு அனுப்பியவர் என்றும் சொல்வோம். அடிமைகளாய் இருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாடு காப்பாற்ற நெடுங்காலம் ஆனது என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்வோம்.