பேய்க்கரும்பை ஆராய்ந்த பேரறிஞர் ஜானகி அம்மாள்

நோணாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சுண்ணாம்பாறு வீட்டு வாசலைப் போன்றது. ஆற்றோரத்து நாணலைத் தாவரவியல் வகுப்பில் சேரும் வரை நான் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. கூரை வேய உதவும், வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் மாடு மேயும், அவ்வளவுதான். நாணல் என்று பொதுவில் நாம் சொல்லும் புற்களுள் ஒன்றுக்குப் பேய்க்கரும்பு என்ற பெயரும் உண்டு என்பதும், பாகூர்ப் பக்கத்து வயல்களில் ஆலைக்கென்று விளையும் கரும்பின் உடலில் அந்தப் பேய்க்கரும்பின் குருதி ஓடுகிறது என்பதும் பின்னரே தெரியவந்தன. அப்பேய்க்கரும்பின் செல்லுக்குள் கண்ணைச் செலுத்திக் குரோமோசோம்களை எண்ணிய பெண்மணி ஒருவரின் வாழ்வை இம்மலரில் எழுத விழைகிறேன். 'செடி கொடி படித்து என்ன ஆகப் போகிறாய்?' என்று என்னைக் கேட்கும் பெரியப்பாவுக்கும் இது விடையாக அமையட்டும்.

அவர் நமக்கு அயலாரும் அல்லர். நம் புதுவை மாநிலத்தைச் சேர்ந்த மாஹேயிலிருந்து சில கல் தொலைவில் உள்ளது தலைச்சேரி. மாஹே பிரெஞ்சுக்காரர் வசமும் தலைச்சேரி ஆங்கிலேயர் வசமும் இருந்த காலத்தில், 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அவ்வூரில் பிறந்தவர் ஈ. கே. ஜானகி அம்மாள். தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் சார்பு நீதிபதி, தோட்டத்தில் பெருவிருப்பமுடையவர், வடமலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதிவைத்தவர். தாயார் ஆங்கிலேயப் பேராளர் ஒருவரின் மகள். இரு மனைவியர் வழியே கிருஷ்ணனுக்கு மக்கள் பத்தொன்பது பேர். செல்வாக்குள்ள குடும்பந்தான். ஆயினும் அக்காலச் சாதி அடுக்கு தீயர் குலத்தைத் தாழ்த்தியே வைத்திருந்தது என்பதை இங்குக் குறித்துக் கொள்ளவேண்டும்; இவ்வரலாற்றில் அது மீண்டும் வரும்.

உடன்பிறந்த பெண்கள் மணமுடித்துச் செல்ல, ஜானகி படிப்பைத் தேர்ந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென வழங்கிய பார்பர் உதவித்தொகை கிட்டியது. 1924இல் கடல் கடந்தார். முதுகலை முடித்துத் திரும்பி, சிறிது காலம் கற்பித்து, மீண்டும் அங்கே சென்று 1931இல் முனைவராக வெளிவந்தார். திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டாண்டு பேராசிரியர். பிறகுதான் கோயம்புத்தூர் வருகிறது. நம் கரும்பும் வருகிறது.

பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு இனித்த இடம் திருவொற்றியூர் என்பது ஐதிகம். பேய்க்கரும்பின் உரமும் நற்கரும்பின் இனிப்பும் ஓருடலில் கூடிய இடம் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம். வெப்ப நாட்டுத் தடித்த கரும்பில் சாறு மிகுதி; ஆனால் வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் அது தாங்காது. பேய்க்கரும்போ எங்கும் முளைக்கும். ஆனால் சர்க்கரை இல்லை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்பர், வெங்கட்ராமன் என்னும் அறிஞர்கள் உருவாக்கிய 'கோ 205' என்ற வகை 1918 அளவில் வயலுக்குச் சென்றது. ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த நாடு தன் காலில் நிற்கத் தொடங்கியதற்கு இந்தக் 'கோ' கரும்புகளே வழிகோலின. வடநாட்டில் எளிதில் பூக்காத கரும்பு கோயம்புத்தூரில் பூக்கும் என்பதே அவ்வூருக்கு வாய்த்த பெருஞ்சிறப்பு. பூத்தால்தானே மகரந்தம் தூவ முடியும்!

கலப்பினம் கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை யார் சொல்வது? 1934இல் அந்நிலையத்தில் சேர்ந்த ஜானகி அம்மையாரின் பணி அதுவே. இதன் கடுமையைத் தாவரவியல் மாணவர் நன்கு அறிவர். எங்கள் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். அதில் இருப்பவை 16 குரோமோசோம்களே. நான் எண்ணினால் ஒருமுறை பதினைந்து, மறுமுறை பதினேழு! தடித்த கரும்பில் 80. பேய்க்கரும்பிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். 40 முதல் 128 வரை காணலாம். அத்தனை சிறு துணுக்குகளை, ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவற்றை, அவர் எண்ணிப் பதிவு செய்தார். பேய்க்கரும்பு இம்மண்ணுக்கே உரியது என்பதற்கு அவருடைய ஆய்வுகள் வலுச்சேர்த்தன. கரும்புடன் மக்காச்சோளத்தையும் வேறு புல்லினங்களையும் இணைத்துக் கலப்புச் செடிகளை வளர்த்துக் காட்டினார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த செய்தி 1938இல் இலண்டன் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வேறு வேறு பேரினத்துச் செடிகள் ஒன்றுகூடுவது அன்றைய மரபியல் உலகுக்குப் பெருஞ்செய்தி.

உலகம் படித்தது, உள்ளூர் மகிழ்ந்ததா? ஆண்களே நிறைந்த நிலையத்தில் மணமாகாத பெண்ணாக, பிற்பட்டதெனக் கருதப்பட்ட குலத்தவராக அவர் பட்ட இடர்கள் பல என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அறிவியற்கூடத்தில் சாதிக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். நுண்ணோக்கியின் அடியில் அது தெரியாது. அதற்கு மேலே குனியும் தலைகளுக்குள் இருக்கிறது.

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. அம்மையார் அதற்குச் சென்றார். மாநாடு முடியுமுன்பே போர் மேகம் சூழ்ந்து, ஒவ்வொரு நாட்டவராகப் புறப்பட்டனர். செப்டம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்து போர் அறிவித்தது. ஜானகி திரும்பவில்லை. இலண்டனை அடுத்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிலையத்தில் செல்லியல் உதவியாளராக 1940இல் சேர்ந்தார். இரவில் குண்டு விழும், கட்டிலுக்கடியில் பதுங்குவார், விடிந்ததும் ஆய்வகத்தில் சிதறிய கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவார் என்று அவரை அறிந்தோர் கூறியிருக்கின்றனர். நம் நாட்டு அணிற்பிள்ளை ஒன்றையும் சேலைக்குள் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தாராம்!

அங்கே டார்லிங்டன் என்னும் செல்லியல் அறிஞருடன் சேர்ந்து அவர் தொகுத்ததே 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரநூல்'. 1945இல் வெளிவந்தது. உலகில் மனிதன் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையையும் தாயகத்தையும் ஒருசேரத் தரும் நூல் அது. ஒரு செடி எங்கிருந்து எங்கே பெயர்ந்தது, மனிதன் அதை எப்படி மாற்றினான் என்பதைப் பட்டியலே கதையாகச் சொல்கிறது. பத்தாண்டுக்குப் பின் அந்நூல் பூக்கும் தாவரங்களுக்கென விரிவாக்கப்பட்டபோது அட்டையில் டார்லிங்டனுடன் நின்றது வேறொருவர் பெயர். அப்போது நம் அம்மையார் தாயகத்தில் கோப்புகளோடு போராடிக்கொண்டிருந்தார்.

இடையில் ஒரு பூவைப் பற்றிச் சொல்லவேண்டும். அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் விஸ்லித் தோட்டம் போருக்குப் பின் அவரைப் பணிக்கு அழைத்தது. 1937 அளவில் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ முதலியோர் கோல்ச்சிசின் என்னும் பொருளின் விந்தையை வெளியிட்டிருந்தனர். நம் கார்த்திகைப்பூவில், கண்வலிக்கிழங்கு என்று மருந்துக் கடையார் சொல்லும் அதே காந்தளில், உள்ள நச்சுப்பொருள்தான் அது. செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்கள் இருபுறமும் விலகவேண்டும். கோல்ச்சிசின் அதைத் தடுத்துவிடும். எல்லாம் ஒரே செல்லில் தங்கிவிட, எண்ணிக்கை இருமடங்காகும். அம்மையார் மாக்னோலியா நாற்றுகளின் குருத்தில் இக்கரைசலை இட்டார். 38 என்றிருந்தது 76 ஆயிற்று. இலை தடித்தது; வெள்ளை இதழ்கள் பருத்தன. அச்செடிகளுள் ஒன்று இன்றும் 'ஜானகி அம்மாள்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இனிமேல்தான் அரசியல். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் அவர் தாயகம் திரும்பினார். 1890இல் ஆங்கிலேயர் நிறுவிய இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறை அப்போது பெயரளவில் இருந்தது. ஆளில்லை, பணமில்லை. அதனைச் சீரமைக்கத் தனிப்பணி அலுவலராக 1952இல் அமர்த்தப்பட்டார். கல்கத்தா அலுவலகத்தின் வெளியே தெருவில் குப்பை கிடக்கக் கண்டு, நீண்ட துடைப்பத்தைத் தாமே எடுத்துப் பெருக்கினார் என்று சொல்வதுண்டு. அவருடைய நோக்கம் தெளிவானது. இந்நாட்டுச் செடிகளை இந்நாட்டாரே சேகரிக்கவேண்டும்; மாதிரிகள் இலண்டன் கியூத் தோட்டத்திற்குப் போகாமல் இங்கேயே இருக்கவேண்டும்; உலர்ந்த ஏட்டில் ஒட்டிய இலையோடு நில்லாமல், உயிருள்ள செடியின் குரோமோசோமையும், அதைக் காலங்காலமாகப் பயன்படுத்தும் மலைவாழ் மக்களின் அறிவையும் சேர்த்துப் பதியவேண்டும்.

துறை 1954இல் புத்துயிர் பெற்றது. ஆனால் தலைமைத் தாவரவியலர் பதவி அவருக்கு வரவில்லை. ஸ்பெயின் நாட்டில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாகக் கொண்ட ஏசு சபைத் துறவி சாந்தபாவுக்குச் சென்றது. கியூவின் முறையே வென்றது, தாம் தோற்றோம் என்று டார்லிங்டனுக்கு மனம் வெதும்பி எழுதினார் அம்மையார். இவ்விடத்தில் சாந்தபாவுக்கும் நியாயம் செய்தாக வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் கால்நடையாக அலைந்து செடிகளை இனங்கண்டவர் அவர். கண்டாலாத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூலை எவரும் குறைகூறார். குறை ஆளில் இல்லை. இரு வகை அறிவும் சேர்ந்து நடந்திருக்கவேண்டிய துறையில் ஒன்றை மேலேற்றி மற்றொன்றை ஒதுக்கியதுதான் குறை. பெரிய பதவிக்குரிய பணியைச் செய்தவரிடம் பணியை மட்டும் வாங்கிக்கொண்டு பதவியை வேறொருவருக்குத் தருவது நம் நிறுவனங்களுக்குப் புதிதன்று.

அவர் துறந்து போய்விடவும் இல்லை. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தினார். பின் ஜம்முவிலும் பம்பாய் டிராம்பேயிலும் சில காலம். போன இடமெல்லாம் மூலிகையும் நறுமணப்புல்லும் அவர் நுண்ணோக்கிக்குத் தப்பவில்லை.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றினான் என்பது பற்றி அறிஞர் கூட்டம் ஒன்று நடந்தது. அழைக்கப்பட்டோருள் பெண் இவர் ஒருவரே. இந்தியாவின் தன்தேவை வேளாண்மையைப் பற்றிப் பேசினார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தால் காடுகள் விரைந்து அழிவதை அவர் நேரில் கண்டிருந்தார். அசாமின் அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே மாக்னோலியா கிரிஃபித்தி மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றாராம்; போய்ப் பார்த்தபோது அதுவும் எரிக்கப்பட்டிருந்தது. புதுச்செடியை உண்டாக்கிக் காட்டியவருக்கு, இருக்கும் செடியைக் காப்பதே கவலையாக மாறியது இக்காலத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1970இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் ஓய்வு அறிஞராகத் தங்கினார். பெயர்தான் ஓய்வு. மூலிகைத் தோட்டம் வளர்த்தார், ஆய்வுக் கட்டுரை எழுதினார், பூனைகளையும் வளர்த்தார். 1977இல் பத்மஸ்ரீ வந்தது. அக்காலத்தில்தான் கேரளத்துக் குந்திப்புழையின் குறுக்கே அணைகட்டி அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கும் மின்திட்டம் எழுந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கவிஞர்களும் எதிர்த்தனர். எண்பதைக் கடந்த அம்மையார் முழக்கம் எழுப்புவதோடு நிற்கவில்லை. அப்பள்ளத்தாக்கு மரங்களின் குரோமோசோம்களை ஆய்ந்து பதிவதாக அறிவித்தார். மூழ்கப்போவது எது என்று கணக்குக் காட்டுவது அவருக்குத் தெரிந்த போர்முறை.

1983 நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மதுரவாயலில் ஜானகி அம்மாள் மறைந்தார், அகவை 86. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் பேய்க்கரும்பைத் தேடிப் பார்த்தேன், இல்லை. இவ்வாண்டு மழை ஓய்ந்து வெண்கதிர் விட்டதும் சுண்ணாம்பாற்றுப் பக்கம் சென்று ஒன்றைப் பறித்து, பதப்படுத்தி ஏட்டில் ஒட்டித் தருவதாக எங்கள் விரிவுரையாளரிடம் சொல்லியிருக்கிறேன். வேர்நுனியையும் மறவாமல் கொண்டுவரச் சொன்னார்.