கர்னல் ஜான் பென்னிகுயிக்

நாடுகளை வென்றோர் சரித்திரத்தை உலகம் விரித்துப் பேசும். நீரை ஆண்டு பசியைத் தீர்த்தோர் சரித்திரமோ சிலராலேயே அறியப்படுகின்றது. அத்தகையோருள் ஒருவர் கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் இஞ்சினீயர். அவரது செயலின் அருமையை உணர வேண்டுமாயின், அவர் திருப்பிய ஆற்றின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் வாழும் நமக்கு மேற்றிசையில் எல்லையாய் நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலை. அதற்கு அப்பால் மழைக்காடு, இப்பால் கரிசற்காடு. தென்மேற்குப் பருவக்காற்றுச் சுமந்து வரும் முகில்கள் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றன. மலையைக் கடந்து நம்மை அடைவது வறண்ட காற்றே. தீப்பெட்டியையும் வாணங்களையும் உலர்த்துதற்கு உதவும் அவ்வறட்சியே நம் கண்மாய்களையும் வற்றச் செய்கின்றது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலத்தில் பெருகிச் சின்னாளில் வெறும் மணலாகிவிடும்.

இராஜபாளையத்துக்குத் தெற்கேயுள்ள சிவகிரி மலைகளில் தோன்றும் பெரியாற்றின் நிலை வேறு. அது வடக்கு நோக்கிச் சென்று முல்லையாற்றோடு கூடி, பின்னர் மேற்கே திரும்பி, மொத்தம் 244 கிலோமீட்டர் ஓடி, அரபிக்கடலில் கலக்கின்றது. அடர்ந்த மரங்களும் ஆழ்ந்த சருகுப் படுகையும் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுதலால், மழை ஓய்ந்த பின்னரும் அதன் ஊற்றுக்கள் அறுவதில்லை. மலையின் ஒரு புறம் நீர் கடலுக்குச் செல்ல, மறு புறம் நிலம் வானத்தை நோக்கிக் காய்ந்தது.

இந்நீரைக் கிழக்கே கொணரலாம் என்னும் எண்ணம் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். 1808ஆம் ஆண்டு ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் இது கைகூடாதென்றார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் கணக்கின்றி மடிந்த பின்னரே, கிடப்பில் இருந்த திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. 1882ஆம் ஆண்டு அதனைத் திருத்தி வகுக்கும் பொறுப்புப் பென்னிகுயிக்கை அடைந்தது.

அவர் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தவர். எட்டு வயது நிரம்பும் தருணத்தில், 1849ஆம் ஆண்டு சிலியன்வாலாப் போரில், தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தார். அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1858இல் சென்னை இஞ்சினீயர் படையிற் சேர்ந்து, 1860இல் இந்தியாவுக்கு வந்தார்.

அவர் வகுத்த திட்டம் எளிய தோற்றமும் அரிய செயலும் உடையது. மேற்கே ஓடும் ஆற்றை அணையால் மறித்தல்; நீர்மட்டத்தை உயர்த்துதல்; மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்க வழியாக அதனைக் கிழக்கே விடுதல். ஏறத்தாழ 104 அடிக்கு மேல் நிற்கும் நீரே சுரங்கத்தில் நுழையும். அந்நீர் வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையை அடையும். அணை அமைந்த இடம் திருவிதாங்கூருக்கு உரியதாதலின், 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகையாக, 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பெற்றது.

1887இல் வேலை தொடங்கிற்று. பாதையற்ற கானகம், யானையும் புலியும் உலவும் இடம். மலையடிவாரத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைக் கம்பிக்கயிற்று வழியாக மேலேற்றினர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணையை எழுப்பினர். காட்டாற்று வெள்ளமோ முன்னறிவிப்பின்றி எழுந்து, தற்காலிகக் கரைகளைப் பலகாலும் அடித்துச் சென்றது. வெள்ளத்தினும் கொடியது விஷஜுரம். ஜுரத்தாலும் வாந்திபேதியாலும் உயிர் நீத்த தொழிலாளர் பலர். அவருட் பெரும்பாலோர் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பென்னிகுயிக்கின் புகழைப் பேசுவோர் அவர்களையும் நினைத்தல் கடமையாகும். கரை உடைந்த ஒவ்வொரு முறையும் ஆற்றின் போக்கை மீண்டும் கற்று, மீண்டும் கட்டிய பொறுமையே அவரது பெருமை.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை, மேலூர் வயல்களும் செழித்தன. பின்னர் அவர் கூப்பர்ஸ் ஹில் இஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழி குறித்து 1899இல் அறிக்கை அளித்தார். 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் உயிர் நீத்தார்.

தேனிப் பகுதி உழவர் அவர் பிறந்த நாளை இன்றும் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். 2013இல் லோயர் காம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அணையின் உறுதியையும் நீர்மட்டத்தையும் பற்றித் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வழக்கு நிகழ்ந்து, 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது. மலைக்கு அப்பால் வாழ்வோர்க்கு உயிரச்சம். இப்பால் வாழ்வோர்க்கு நீரச்சம். இரண்டும் மெய்யே.

பெரியாற்றுக் கால்வாய் நம் கரிசல் நிலத்தை எட்டவில்லை. ஆயினும் அவர் சரித்திரம் நமக்கு உரியதே. ஆற்றை அடக்க முற்படுவோன் முதலில் அதன் மாணாக்கன் ஆதல் வேண்டும். அதனை ஊட்டும் காட்டையும் அவன் காத்தல் வேண்டும். காடு அழியின் அணை இருந்தும் பயனில்லை. பொறியியலும் பூகோளமும் கற்கும் நம் மாணவர், வற்றிய வைப்பாற்றின் கரையில் நின்று இதனைச் சிந்திப்பாராக.