இரு சாட்சிகள் கேட்டவர்

நம் பௌதிகவியல் நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் ஓர் அறிஞரைத் தோழியருக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் வால்தர் பொத்தே. 1891இல் ஜேர்மனியின் ஒரானியன்பேர்க் நகரில் பிறந்து, பேர்லினில் மக்ஸ் பிளாங்கிடம் பயின்றவர். முதலாம் உலக மகாயுத்தத்தில் ரஷ்யரிடம் பிடிபட்டுச் சைபீரியாவில் சிறையிருந்தார். அங்கும் அவர் காலத்தை வீணாக்கவில்லை. கணிதம் பயின்றார், ரஷ்ய மொழியைக் கற்றார். 1920இல் நாடு திரும்பினார்.

அப்போது அறிஞரிடையே ஓர் ஐயம் எழுந்தது. சக்திக் காப்பு விதி ஒவ்வொரு நிகழ்விலும் மெய்யா, சராசரியில் மட்டுந்தானா? சராசரியில் மட்டுமே என நீல்ஸ் போர் உள்ளிட்ட மூவர் 1924இல் கருதினர். பொத்தேயும் கைகரும் அதைச் சோதித்தனர். எக்ஸ் கதிர் மோதித் தெறிக்கும் இலத்திரனை ஒரு கருவியும், சிதறிய கதிரை மற்றொரு கருவியும் கவனித்தன. இரண்டின் சமிக்ஞைகளும் ஓடும் ஒரே படச்சுருளில் அருகருகே பதிந்தன. தற்செயலுக்கு மிஞ்சிய தடவைகள் அவை ஒருமித்தே வந்தன. விதி நிலைத்தது.

முன்பு கதிர்வீச்சு ஆய்வுகூடங்கள் பலவற்றில் பல உணரிகளின் சமிக்ஞைகளை, வந்த இடத்தின் அடையாளத்தோடு, ஒரே இலக்கமாற்றிக்கு அனுப்பினார்கள். இரண்டு ஒரே கணத்தில் வந்தால் குழப்பமென்று பெரும்பாலும் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளப்பட்ட அந்தக் கணத்தையே பொத்தே தேடினார் என்பது என்னை வியக்க வைக்கிறது.

1954இல் நோபல் பரிசு கிடைத்தபோது கைகர் உயிரோடில்லை. பொத்தேயும் நோயுற்றிருந்தார். 1957இல் காலமானார். ஒரு சாட்சியோடு தீர்ப்புச் சொல்லாத அந்த நிதானம் நமக்கும் வாய்க்கட்டும்.