கல்லூரி வாசல் வரை

கிள்ளைக்குப் பக்கத்து நகரம் சிதம்பரம். ஆனாலும் அந்தக் காலத்தில் சுற்றுக் கிராமத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டாக் கனி. ஊரில் நாலெழுத்து கற்றாலும், மேலே படிக்கத் தங்க இடமும் சோறும் வேண்டுமே!

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் சுவாமி சகஜானந்தர். 1890-ல் ஆரணி அருகே தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பின்னர் துறவியானார்.

1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் அமைத்தார். சிறிய பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1929-ல் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. அரிச்சுவடி தொடங்கிய ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரி வாசலும் எட்டும் தூரத்தில் வந்தது.

சட்டசபையிலும் பணியாற்றிய சுவாமிகள் 1959-ல் மறைந்தார். பாதியில் படிப்பை விட்டவர், பிறர் படிப்பு பாதியில் நிற்காமல் காத்தார்.