மனைவியை அழைத்து வரவில்லையா?

மகாகவி பாரதியார் 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். 1905-ல் சென்னையில் பெண்களுக்கென்று வெளிவந்த 'சக்கரவர்த்தினி' மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பெண்கள் படிக்க வேண்டும் என்று அதில் எழுதினார்.

காங்கிரஸ் மகாசபைக்காக வடநாடு போனவர், கல்கத்தா பக்கம் நிவேதிதா தேவியைச் சந்தித்தார். அயர்லாந்தில் பிறந்த அந்த அம்மையார் விவேகானந்தரின் சீடர். 1898-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர்.

மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் கேட்டார். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை என்றார் பாரதியார். வீட்டுப் பெண்ணை அடைத்து வைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை கேட்பது எப்படி என்று அம்மையார் கடிந்துகொண்டார்.

பாரதியாருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர்ப் பெண்களுக்காக எழுதியவர்தான். ஆனால் செல்லம்மாள்?

பழகியது சிறிது நேரமே. ஆயினும் அம்மையாரைக் குருவாகவே கொண்டார். 1908-லும் 1909-லும் வெளிவந்த தம் பாட்டுப் புத்தகங்கள் இரண்டையும் அவருக்கே காணிக்கையாக்கினார். பின்னர் புதுமைப் பெண்ணைப் பாடினார். 1921-ல் காலமானபோது முடிவு பெறாமல் நின்ற 'சந்திரிகையின் கதை'யிலும் விதவைக்கு மறுமணம் பேசினார்.

கல்கத்தாவானால் என்ன, புதுக்கோட்டைப் பக்கத்துக் குளத்தூரானால் என்ன? கூட்டத்துக்குப் புறப்படும் ஆண்கள் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கலாம்: வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம்?